கொக்கு தெரிந்த துணி

பங்குனி 21, சனி இரவு.

மம்சாபுரம் கண்மாய்க் கரையில் காசிமும் நானும் காலையிலிருந்து கொக்குகளைப் படம் எடுத்தோம். எனக்கு வழக்கம்போல அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, முகத்தில் வெயிலுக்கான களிம்பு.

"ஏலே, மாப்பிள்ளக் கோலத்துல வந்திருக்க! கொக்கு மயங்கிரப் போகுது" என்றான் காசிம்.

விளிம்பு கேமராவில் இடிக்கிறது என்று அவன் தொப்பியே போடுவதில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை பார்த்தவன். அந்தத் துணியை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "எம்புட்டு குளுமை தெரியுமா?"

குளுமைதான். ஆனால் அவன் அதை உதறி விரித்தபோது, துணியின் வழியே கண்மாயில் நின்ற கொக்கு எனக்குத் தெரிந்தது. கொக்கு தெரிகிற துணியில் வெயில் நுழையாதா என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பானே என்று விட்டுவிட்டேன்.

இரவு அவன் வீட்டுக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தான். கழுத்து செக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம்.

"துணி மட்டும் இல்லேன்னா வெந்தே போயிருப்பேன்லே. அடுத்த வாரமும் அதப் போட்டுத்தான் வாரேன்" என்றான்.

மருந்து தடவிக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிர்ந்தார். "படிச்சவுக நீங்க சொல்லுங்கண்ணே, நெசந்தானா?"

"இருக்கலாம்" என்றேன்.

என் பையில் இன்னொரு தொப்பி எப்போதும் இருக்கும். முன்விளிம்பு சிறியது, கேமராவில் இடிக்காது. பின்னால் கழுத்தை மூடக் கெட்டித் துணி தைத்திருக்கும். இன்று முழுவதும் அது பைக்குள் நிழலில் இருந்தது.