மெஷினின் நாலாவது கால்

ஜனவரி 20, திங்கள்

மிளகின் ஈரம் பார்க்கும் மெஷினின் நாலாவது காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் தகட்டின் ஓரத்தில் எட்டுப் பொன் மொட்டுகள் இருக்கின்றன. இன்று மேசை துடைக்கும்போது பார்த்தேன். கடுகளவு மொட்டுகள், வரிசையாக. வெறும் தகரத்துக்கு யார் இப்படிப் பூச்சு வைப்பார்கள்? ஒரு வருடமாக அந்த மேசையைத் துடைக்கிறேன், இதுவரை கண்ணில் படவில்லை.

மிளகுச் சங்கத்துச் செயலாளர் முருகானந்தம் சார் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்திருந்தார். ஐப்பசி இடியில் கிடங்கு லேப்டாப்பின் யூஎஸ்பி வாய் இரண்டும் போனதிலிருந்து, மெஷின் காட்டும் ஈர அளவை நான் சீட்டில் கையால் எழுதிக் கொடுக்கிறேன். வாங்குகிற கம்பெனி கையெழுத்துச் சீட்டை இனி ஏற்காதாம். மெஷினிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்து அச்சான சீட்டுதான் வேண்டுமாம். அடிவாரத்து டெப்போவில் புதுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதனால் பிப்ரவரி பத்தாம் தேதி மெஷினைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள்.

"மெஷின் போனா இந்தப் புள்ளைக்கு இங்க என்னங்க வேலை?" என்று சுகுணா அக்கா கேட்டார். பல ஊர் சேர்ந்த திண்ணனூர் நாட்டுக்கு மலைமேல் இருக்கும் இந்தக் கிடங்கு அவர் பொறுப்பு. சார் என்னைப் பார்த்தார். நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்கிறது. அம்மா கருப்பண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து விடுகிறவர். தைக் கடைசியில் வேன் வரும். மூன்று வருடம், ஹாஸ்டல்.

"அங்க யாரும் உன்னையப் பேசச் சொல்லமாட்டாங்க கண்ணு. நூலு அறுந்துச்சான்னு பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்" என்றாள் அம்மா. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொல்கிறாள்.

ஒன்பதாவது படிக்கும்போது அப்பா மிளகு ஏணியிலிருந்து விழுந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அப்பா எழுந்து நடந்து ஒரு வருடம் ஆகிறது. நான் திரும்பப் போகவில்லை. யார் கேட்டாலும் அப்பா விழுந்ததைச் சொல்கிறேன். அது மட்டும்தானா? வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்ளுமே, அதைச் சொல்வதில்லை.

மில்லுக்குப் போகமாட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

தகட்டை உருவிவிட்டு, அட்டையை மடித்து மெஷின் காலுக்கு வைத்தேன்.

அது தகடு இல்லை. ஒரு முனையில் ஊசித் துளைகள் இரண்டு வரிசை. மறுமுனையில் இரண்டு யூஎஸ்பி வாய், லேப்டாப்பில் செத்துப்போன அதே அளவு. லேப்டாப்பின் இடது பக்கத்தில் ஒரு நீளச் சந்து உண்டு. அதில் தூசி போகாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டை அடைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் துண்டு வெளியே வருகிறது. கையில் இருந்ததையும் அதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒரே அளவு.

செருகினேன். உள்ளே போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. மெஷினின் கேபிளை மாட்டினேன். ஒன்றும் இல்லை.

இரண்டு வாயும் நல்லபடி இருக்கின்றன. இப்படிச் செருகுகிற கார்டு கெட்டுப்போயிருந்தால், அதைச் சொல்லவும் இங்கே ஆள் இல்லை. லேப்டாப்புக்கு அதைத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

இழுப்பறையில் பிரவீன் அண்ணன் எழுதி வைத்த நாலு பக்கம் கிடைத்தது. கல்லூரிப் புராஜெக்டுக்காக இரண்டு வருடம் முன்பு வந்து, இந்தப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர். 'வேகமாக ஓடுவதற்காக, தேவையில்லாத எல்லாவற்றையும் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறார்.

மூன்று முறை படித்துப் புரிந்துகொண்டது: கெர்னல் என்பது லேப்டாப்பில் முதலில் எழுந்து, மற்ற பாகங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கிற நடு நிரல். அதற்குச் சொல்லி வைக்காத பாகம் கையிலேயே இருந்தாலும் அதற்கு இல்லாததுதான். கார்டுச் சந்து தேவையில்லை என்று பிரவீன் அண்ணன் எடுத்திருக்கிறார். அப்போது யூஎஸ்பி வாய் இரண்டும் உயிரோடு இருந்தன.

எடுத்ததைத் திரும்பச் சேர்க்கலாம். கெர்னலை மறுபடி கட்ட வேண்டும். கட்டும் முறையும் இருக்கிறது. கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்: பழைய கெர்னலை அழிக்காதே.

பிரவீன் அண்ணனுக்குச் சுகுணா அக்கா போனில் செய்தி அனுப்பினார். பதில் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

கெர்னலை அமைக்கிற பட்டியல் நீலத் திரையில் வருகிறது. நூற்றுக்கணக்கில் வரிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்தான். ஒய் என்றால் ஆம், உள்ளேயே சேர். வெற்றிடம் என்றால் வேண்டாம். எம் என்றால் தனியாகக் கட்டி வெளியே வை, வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒரு வரிக்கு ஆம் சொன்னால்தான் அதற்குக் கீழே உள்ளவை தெரிகின்றன. கார்டுச் சந்து வேண்டுமா என்ற வரியைக் கண்டுபிடிக்கவே மதியமாகிவிட்டது. அதைத் திறந்தால் உள்ளே இன்னும் பல.

ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். பல விளக்கங்கள் ஒரே மாதிரி முடிகின்றன: சந்தேகமாக இருந்தால் ஒய் சொல்லவும். சந்தேகப்படுகிறவர்களும் வருவார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

ஆனாலும் கார்டு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் எம் போட்டேன். உள்ளேயே சேர்த்து ஏதாவது கெட்டுப்போனால்? எம் பாதுகாப்பு. ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.

ஜனவரி 25, சனி

காலை பத்துக்குக் கட்ட விட்டேன். எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. சுகுணா அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"அடுப்புல பால வச்ச மாதிரி அதையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. பொங்குமா, பொங்காதா?"

இரண்டரைக்குக் கரண்டு போனது. லேப்டாப்பில் பேட்டரி கிடையாது. நாலரை மணி நேர வேலை. அழுகை வந்தது, அழவில்லை.

நாலு மணிக்குக் கரண்டு வந்தது. அதே கட்டளையை மறுபடி அடித்தேன். கட்டி முடித்ததையெல்லாம் தாண்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. இப்படி ஒரு குணம் அதற்கு இருப்பது எனக்குத் தெரியாது.

ஜனவரி 27, திங்கள்

புதுக் கெர்னல் எழுந்தது. கார்டைச் செருகினேன். ஒன்றும் இல்லை.

மதியம் தேவனூர் நாட்டிலிருந்து கண்ணாயி அக்கா வந்தார். இரண்டு மூட்டை மிளகைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுபோனாராம். வியாபாரி ஒரு மிளகைக் கடித்துப் பார்த்து ஈரம் என்று சொல்லி, திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்க்கவே இல்லையாம். அத்தனை வளைவும் இறங்கி, அத்தனை வளைவும் ஏறி வந்திருக்கின்றன மூட்டைகள்.

"மேல காஞ்சிருச்சுங்கறீங்க, கீழ ஈரம்ங்கறாங்க. எங்க மொளவு பஸ்ஸுல ஏறுனதும் தண்ணி குடிச்சுருதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மறுபடி அளந்தேன். 11.2. பன்னிரண்டுக்குள் இருந்தால் காய்ந்தது. என் எழுத்தை நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்?

செய்யலாம். இன்னும் பதினாலு நாள் இருக்கிறது.

ஜனவரி 29, புதன்

எல்லாவற்றுக்கும் எம் போட்டதுதான் தப்பு.

எம் போட்டவற்றை அது தனித்தனியாகக் கட்டி ஒரு மூலையில் வைத்திருக்கிறது. அவற்றை அங்கிருந்து எடுத்து, கூப்பிடுகிற இடத்தில் வைப்பது இன்னொரு வேலை. பிரவீன் அண்ணனின் தாளில் அது இல்லை, ஏனென்றால் அவர் எம் போடவே இல்லை. வேண்டும் என்றால் ஒய், வேண்டாம் என்றால் வேண்டாம். நான் வெளியே நிறுத்தி வைத்தவை இரண்டு நாளாக அங்கேயே நிற்கின்றன, யாரும் கூப்பிடவில்லை.

நாளைக்கு எல்லாம் ஒய்.

ஜனவரி 30, வியாழன்

ஒய். ஒய். ஒய். ஒவ்வொன்றையும் இங்கே எழுதி வைத்துக்கொண்டே போட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

கார்டைச் செருகியதும் திரையில் ஒரு வரி வந்தது. சந்து எண் சைபரில் கார்டு செருகப்பட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்தேன், எடுத்ததாக ஒரு வரி. மறுபடி செருகினேன். ஏழெட்டு முறை செய்தேன்.

மெஷினின் கேபிளை மாட்டினால் மட்டும் இன்னும் பேச்சே இல்லை. கார்டைத் தெரிகிறது, கார்டில் இருக்கும் வாயைத் தெரியவில்லை.

பிப்ரவரி 1, சனி

மில் வேன் பன்னிரண்டாம் தேதி வருகிறது. அம்மா எனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். பச்சை நிறம். பூட்டு நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

யூஎஸ்பி பகுதியைத் திறந்து ஒவ்வொரு விளக்கமாக வாசித்தேன். லேப்டாப்பின் சொந்த வாய்களை நடத்தும் சில்லு ஒரு கம்பெனி. கார்டுக்குள் இருக்கும் சில்லு வேறு கம்பெனி. திரையில் வந்த வரியிலேயே அதன் பெயர் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. வேறு கம்பெனிச் சில்லு என்றால் அடுத்த வரிக்கு ஒய் சொல்லச் சொல்கிறது விளக்கம். அந்த வரி வெறுமையாக இருந்தது.

ஒரே ஒரு ஒய். மறுபடி கட்ட வேண்டும், ஆனால் மாறிய பாகத்தை மட்டும்தான். முக்கால் மணி நேரம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மெஷின் பேசுகிறது.

கையளவு மிளகைப் போட்டேன். மெஷினில் தெரிந்த எண் லேப்டாப்பில் வந்தது. யூஎஸ்பி வாய் தேவைப்படாத, தடித்த கேபிளில் தொங்கும் பழைய பிரிண்டர் கரகரவென்று சீட்டை அடித்தது. தேதி, நேரம், எண். என் கை எங்கேயும் படவில்லை.

சுகுணா அக்கா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மெஷினுக்குக் கீழ கெடந்ததுதான் இதா? இதுமேலயா சாமி இத்தன நாளா அத நிக்க வச்சிருந்தோம்?"

சாருக்கு அக்கா போன் செய்தார். பத்தாம் தேதி வேனோடுதான் வருவாராம், பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

பிப்ரவரி 6, வியாழன்

பிரவீன் அண்ணனிடமிருந்து பதில்: 'அதெல்லாம் கஷ்டம். புது லேப்டாப் வாங்கச் சொல்லுங்க.' பதில் போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

மூன்று நாளாகத் தூறல். கிடங்கில் எதைத் தொட்டாலும் சில்லென்று இருக்கிறது. தார்ப்பாய் எல்லாம் உள்ளே.

பிப்ரவரி 10, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும்.

சார் பத்தரைக்கு வந்தார். வேனில் கயிறும் சாக்கும் தயாராக இருந்தன. கண்ணாயி அக்கா அதே இரண்டு மூட்டைகளோடு காத்திருந்தார். அந்த மூட்டையிலிருந்தே அளக்கலாம் என்றார் சார். மிளகைப் போட்டேன். பிரிண்டர் அடித்தது.

14.6.

சார் சீட்டைக் கிழித்து, கண்ணாயி அக்காவிடம் நீட்டினார். "இப்பக் கம்ப்யூட்டரே சொல்லிருச்சு பாருங்க. கீழ சொன்னது சரிதான?" கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே இன்னும் மோசமாக இருந்தது. கண்ணாயி அக்கா மூட்டையின் வாயைக் கட்டத் தொடங்கினார். இந்த முறை சிரிக்கவில்லை. சார் வெளியே பார்த்து, கயிற்றை எடுத்து வரச் சொன்னார்.

போன மாதம் 11.2. அதற்குப் பிறகு மூட்டை அவர் வீட்டு அடுப்புக்கு மேல் பரணில்தான் இருந்தது. மிளகு மாறவில்லை. அப்படியென்றால் நான் எதை மாற்றினேன்?

மெஷினின் நெற்றியில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு. அதற்குள் நீர்க்குமிழி வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். அது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலாவது காலுக்கு நான் வைத்த அட்டை மூன்று நாள் ஈரத்தில் ஊறி, நசுங்கி, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. மிளகை நிறுத்துத்தான் அது ஈரத்தைக் கணக்குப் போடுகிறது. சாய்ந்து நின்றால் எப்படிச் சரியாக நிறுக்கும்?

எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டும். வகுப்பில் வாசிக்க எழுந்து நின்ற மாதிரியே இருந்தது. கயிறு உள்ளே வந்துவிட்டது.

"சார், மெஷின் சாஞ்சிருக்குங்க."

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சார். கயிறு போடாதீங்க. மெஷின் சாஞ்சிருக்குதுங்க. கண்ணாயக்கா மொளவு ஈரமில்லீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வேன் டிரைவர்கூட. நான் குமிழியைக் காட்டினேன். சார் குனிந்து பார்த்தார். பேசுவதற்கு அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை, கையால்தான் செய்ய முடிந்தது. இழுப்பறையைத் திறந்து, லேப்டாப் சந்திலிருந்து எடுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் துண்டை எடுத்தேன். கார்டின் அதே அளவு. மெஷினைத் தூக்கி, அட்டையை எடுத்துவிட்டு, அதை நாலாவது காலுக்கு அடியில் வைத்தேன். குமிழி மெதுவாக நகர்ந்து நடுவில் வந்து நின்றது.

மறுபடி அளந்தேன். 11.3. சார் இன்னொரு மூட்டையிலிருந்து தானே அள்ளிப் போட்டார். 11.4. மறுபடி ஒரு கை. 11.3.

"யாரு இத மாட்டுனது?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார். சுகுணா அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் நான், "நானுங்க" என்றேன்.

சார் மூன்று சீட்டையும் வரிசையாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு வேனில் கண்ணாயி அக்காவின் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். அந்தக் கயிற்றால் அவற்றைத்தான் கட்டினார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. மெஷின் இங்கேதான் இருக்கிறது, நானும் இங்கேதான் என்றேன். அம்மா சாமைச் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"நான் வாக்குக் குடுத்தவ. நான் எப்படிச் சொல்லுவேன்? வேண்ணா நீயே சொல்லிக்க" என்று போனைக் கொடுத்தாள்.

சொல்லமாட்டேன் என்று நினைத்திருப்பாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். ஏறிப்போய் நின்று, கருப்பண்ணனுக்குப் போன் போட்டேன். மயிலம்மா மகள் இளமதி பேசுகிறேன் என்றதும், நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு ரோட்டுக்கு வந்துவிடு என்றார்.

"நான் வரலீங்க" என்றேன்.

காதில் சரியாக விழவில்லை என்றார். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

பிறகு இறங்கிப்போய், கிடங்கைத் திறந்து மேசையைத் துடைத்தேன். நாலாவது காலை மட்டும் அசைக்காமல், சுற்றித் துடைத்தேன்.