பின்கதவு இடப்பக்கம்

கம்கோல்,
செப்டம்பர் 3

அன்புள்ள தொக்சு,

உன் தோட்டத்திலிருந்து நீ அனுப்பிய பச்சை ஆரஞ்சுப் பழப் பெட்டி வந்தது. ஜேஜூத் தீவிலிருந்து கடல் தாண்டி வந்தும் ஒரு பழம்கூட அழுகவில்லை. “உங்க சிநேகிதர் எதைப் பண்ணாலும் ஒழுங்காப் பண்றவர்” என்றாள் என் மனைவி.

நம் ஊர்க் கொலைகளைப் பற்றிய படம் அறுவடைத் திருநாளுக்கு வெளியாகிறது. சுவரொட்டியில் பெரிதாக ‘1986’ என்றும், அடியில் சிறிதாக ‘ஓரளவு உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்றும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சின்ன எழுத்துதான் ஊரைப் பிடித்து ஆட்டுகிறது. தன் வீட்டார் செய்த நல்லதெல்லாம் உண்மைப் பாதி, மற்றது கற்பனைப் பாதி என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்துவிட்டது. ஊர்த்தலைவர் ச்சோ படக்குழுவிடமே போய், “எங்கப்பா போலீசுக்கு வழி காட்டினது நெசம். குடிச்சிட்டு விழுந்து கெடந்தது கற்பனை. அதைத் தெளிவா எழுத்துல போட்டுடுங்க” என்றார். விதைக்கடை அண்ணி விடவில்லை. “அவரு விழுந்தது எங்க முட்டைக்கோஸ் பாத்தியில. பதினோரு முட்டைக்கோஸ் நசுங்கிப் போச்சு. அதுவும் கற்பனையா?”

இயக்குநரின் பெயர் ஓ. பெண். வயது முப்பத்தாறு. கொலைகள் நடந்தபோது பிறக்கவே இல்லை. ஆனால் அந்த ஆண்டை எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். சிமென்ட் சாலையின் மேல் மண்ணைக் கொட்டினாள். கூட்டத்தில் நடிக்க நான் போட்டுப்போன கோட்டின் ஜிப் பிந்தைய காலத்தது என்று திருப்பி அனுப்பினாள். செத்துப்போன மூன்று பெண்களைப் பற்றியும் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். எட்டு மாதம் இங்கே முகாமிட்ட போலீஸ், அவர்களில் ஒருத்தியான டோஃபு கடை விதவை வேலை செய்யும்போது பாடுவாளா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இவள் கேட்டாள். பாடுவாள், படு மோசமாக. அது படத்தில் இருக்கிறதாம். இந்த ஒன்றுக்காகவே அவளுக்கு ஊரில் ஒரு சிலை வைக்கலாம். ஆனால் வைக்கத் தோதான இடம் ச்சோவுடையது.

போன நவம்பரில் உன் காட்சியை எடுத்தார்கள். அந்தக் காலத்து வழக்கத்தை நகரத்து நடிகர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது: போலீஸ் பிடித்தவனைக் கயிற்றில் கட்டிக் கொலை நடந்த வீட்டுக்கே கூட்டிவந்து, ஊரே நின்று பார்க்க, எப்படிச் செய்தான் என்று நடித்துக் காட்டச் சொல்வார்கள். நீயாக நடிப்பவன் நல்ல பிள்ளை. “செய்யாதவன் எப்படிக்கா செஞ்சு காட்டுவான்?” என்று கேட்டான். “அதைத்தான் நீ நடிக்கணும்” என்றாள் ஓ.

நாங்கள் கிழவர்கள் கூட்டமாக நின்றோம். நான் அன்று நின்ற அதே இடத்தில், சீமைப்பனிச்சை மரத்தடியில், அவனுக்குப் பின்னால். அவன் முற்றத்தில் நின்று, எங்கே போவதென்று தெரியாமல், உன்னைப் போலவே விழித்தான்.

தொக்சு, ‘கொலைகாரன் நுழைந்த பின்கதவு எங்கே என்று யாரும் சொல்லாமலே இவனுக்குத் தெரிந்திருந்தது’ என்று எழுதித்தான் உனக்குத் தண்டனை கொடுத்தார்கள். பத்தொன்பது வருடம் உள்ளே இருந்தாய். உண்மைக் கொலையாளி ஒப்புக்கொண்ட பிறகு, நான்கு வருடம் முன்பு உன்னை நிரபராதி என்று அறிவித்தபோதும், நீ எப்படி அந்தக் கதவுக்குப் போனாய் என்பது புரியவில்லை என்றே நீதிபதி சொன்னார். பின்னால் ஒரு குரல் கேட்டது, அது யாருடையது என்று நினைவில்லை என்று நீயும் சொன்னாய்.

யாரோ சொன்னார்கள். “இடப்பக்கம்டா, அடுப்படிக்குப் பின்னால.” மெதுவாகத்தான் சொன்னேன். கொலை நடந்த மறுநாள் காலை அந்த வீட்டுக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன், திறந்து கிடந்த கதவைப் பார்த்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, கயிறு உன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் விட்டுவிடுவோம் என்று துப்பறியும் அதிகாரி சொல்லியிருந்தார், நான் நம்பினேன். அது என் முட்டாள்தனம். பிறகு வாயைத் திறக்காமல் இருந்தது முட்டாள்தனம் அல்ல. சிறைக்கு உன்னைப் பார்க்கப் பதினான்கு முறை வந்தேன். பதினான்கு முறையும் பழ வற்றல் கொண்டுவந்தேன். நீ ஒவ்வொரு முறையும் பாதியை எனக்கே கொடுத்தாய்.

கேமரா ஓடும்போது என் கை தானாக உயர்ந்தது. வாய் அதே வார்த்தைகளைச் சொன்னது. காட்சித்தாளில் எனக்கு வசனமே கிடையாது. ஓ நிறுத்தச் சொல்லிவிட்டு என் அருகில் வந்தாள். “ஐயா, இது எந்தப் பாதி?” என்று கேட்டாள். உண்மைப் பாதி என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க. இன்னும் மெதுவா” என்றாள். ஏழு முறை எடுத்தார்கள். ஏழு முறையும் அந்தப் பையன் இடப்பக்கம் போனான்.

அது படத்தில் இருக்கிறது. தன் அப்பாவுக்கு இல்லாத வசனம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று ச்சோ பொருமுகிறார். நீ அதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்து ‘முந்திக்கொண்டு’ என்று எழுதக் கை கூசுகிறது.

பதினான்காம் தேதி, பக்கத்து நகரத்து அரங்கில் எங்களுக்கு முதலில் போட்டுக் காட்டுகிறார்கள். என் பக்கத்து இருக்கையை உனக்காகக் கேட்டு வைத்திருக்கிறேன். நடைவழி ஓரம்தான். நடுவில் எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் போய்விடு. கதவு எந்தப் பக்கம் என்று இந்த முறை நான் சொல்ல மாட்டேன்.

நீ வரும் நாளில் கடல் அமைதியாக இருக்கட்டும். வராவிட்டாலும் உன் தோட்டம் காய்க்கட்டும்.

மரத்தடியில் நின்ற,
பே கியூசோக்