தாலி கட்டும் இடம்

பெக்கான் நானாஸ்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சித்தியும் நானும் நலம். போனில் நீங்கள் சத்தம் போட்டால் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த சிறுநீரகம் இரண்டு வருடமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டயாலிசிஸ் காலத்தில் வீங்கிய என் கழுத்துச் சுரப்பிகள் நான்கும் இன்னும் அடங்கவில்லை. எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தில் கொட்டுகின்றனவாம். அது சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. வெட்டி எடுக்க வேண்டும்.

“லேட் பண்ணா கிட்னியே போயிடும், தங்கச்சி” என்றார் டாக்டர்.

எனக்குப் பதினெட்டு ஆகாததால் உங்கள் கையெழுத்து வேண்டும். படிவம் இதனுடன் இருக்கிறது.

உங்கள் மகள்,
லோஷினி

பாசிர் கூடாங்
15 ஏப்ரல் 2024

என் செல்லத்துக்கு அம்மாவின் முத்தங்கள்.

படிவம் வந்தது. கிட்னிக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் லா? வேலையிடத்துக் கேண்டீனில் காளியம்மாவிடம் சொன்னேன், அவளே சிரித்துவிட்டாள்.

மே பன்னிரண்டு ஆயர் ஈத்தாமிலிருந்து மாப்பிள்ளைப் பையன் ஹேமநாதனின் வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். கிட்னி மாற்றியது அவர்களுக்குத் தெரியாது. வயிற்றுத் தழும்பைச் சேலை மறைக்கும். கழுத்துத் தழும்பை எது மறைக்கும்? தாலி கட்டும் இடம் அது. பாதியில் பள்ளியை விட்டவள் நீ. வேறு எதைக் காட்டி வரன் பேசுவேன்?

உன்னைப் பெற ஒரு முறை, கிட்னி கொடுக்க ஒரு முறை என்று உனக்காக என் வயிற்றை இரண்டு முறை கிழித்தார்கள். பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். கல்யாணம் முடியட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மா,
சந்திரமதி

பெக்கான் நானாஸ்
2 மே 2024

அன்புள்ள அம்மா,

விலா எலும்பு வலிக்கிறது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சோர்ந்திருப்பது தெரிகிறதாம். உயரக் காலர் வைத்த ரவிக்கை தைத்துக்கொள்கிறேன். தழும்பு தெரியாது. தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

லோஷினி

பாசிர் கூடாங்
10 ஜூன் 2024

லோஷினிக்கு,

பெண் பார்க்க வந்த பெரியவர்கள் காலில் உன்னை விழச் சொன்னது குற்றமா? குனிந்ததும் இடுப்பெலும்பு முறியும் என்று யார் கண்டது? ஆம்புலன்ஸ்காரர்களிடம் உன் ஆபரேஷனைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லார் காதிலும் அது விழுந்துவிட்டது. “ஒடஞ்ச பொம்மையவா எங்க தலையில கட்டப் பாத்தீங்க?” என்று ஹேமநாதனின் அம்மா என் முகத்துக்கு நேரே கேட்டாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வர எனக்குக் கால் வரவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். தாராளமாக வெட்டட்டும். இனி உன் கழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

சந்திரமதி

ஜொகூர் பாரு மருத்துவமனை
20 ஜூன் 2024

அம்மாவுக்கு,

படிவம் நேற்றுத்தான் கிடைத்தது. தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்குப் பதினெட்டு ஆனது. நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை வெட்டுகிறார்கள்.

சிறுநீரகத்தில் பாதி இனித் திரும்பாதாம். மிச்சத்துக்கும் டாக்டர் உறுதி சொல்லவில்லை. டயாலிசிஸ் மறுபடி வந்தால் சித்தி கூட்டிப்போவார். நீங்கள் லீவு எடுக்க வேண்டாம்.

நீங்கள் கொடுத்தது முழுதும் போனதும் ஒரு வரி எழுதிப்போடுகிறேன். வேறு எதற்கும் எழுத மாட்டேன்.

லோஷினி