கூச்சலுக்குள் நீ ஆடி முடித்த நடனம்

என் அன்பு யோகாக்கா,

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். களைப்பாக இருக்கிறது. ஆனாலும் அஜின்கோர்ட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

டொரன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் நாம் ஒரே அறையில் இருந்த குளிர்காலத்தில் நூலகத்திலிருந்து ஒரு கசெற் எடுத்து வந்தாயே, ஒரு ரஷ்யக்காரர் இசையமைத்த பழைய பாலே நடனம். நிலம் செழிக்க ஊர் கூடி ஒரு பெண்ணைத் தெரிவு செய்கிறது. அவள் ஆடி ஆடியே சாகவேண்டும். பாரிசில் முதல் நாளே சபை கூச்சலிட்டதாம். எனக்கு அது யாரோ அலுமாரியை இழுப்பதுபோலக் கேட்டது. நீயோ தொடையில் தாளம் போட்டபடி இருந்தாய்.

"அடி எங்கை விழப்போகுதெண்டு பிடிபடேல்லை பாரடி. அதுதான் பயமாக் கிடக்கு. அண்டைக்குச் சனம் கத்திச்சுது. பிறகு வந்த இசைக்காரர் எத்தினைபேர் இதைக் கேட்டுத்தான் எழுதினவை! இப்ப படத்திலை பேய் வந்தாலும் இந்த அடிதான்."

அப்படி இடம்மாறி விழும் அடிகளை நீ மிருதங்கத்துக்குக் கொண்டுவந்தாய். பகல் முழுக்கக் கோப்பிக் கடையில் நின்றுவிட்டு மாலையில் சொற்கட்டு அமைத்தாய். அந்தக் கதையையே பரதத்தில் ஆடினாய். ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபம். நான் நட்டுவாங்கம். நீ ஊர்ப் பெரியவராக நின்று அந்தப் பெண்ணை நோக்கிக் கை நீட்டியபோது முன்வரிசையில் மகாலிங்கம் அண்ணை எழுந்தார்.

"நிப்பாட்டு பிள்ளை! அங்கை ஊரிலை சண்டையிலை எங்கடை பெட்டையள் சாகுதுகள். நீ இங்கை அதை வைச்சுக் கூத்துக் காட்டுறியோ?"

கதிரைகள் இழுபட்டன. பாதிச் சபை வெளியே போனது. மிருதங்கம் கேட்கவில்லை, நான் தாளத்தை ஓங்கித் தட்டினேன். நீ நிறுத்தவில்லை. ஆடி முடித்து விழுந்தவள் எழும்பவும் இல்லை. போகாமல் இருந்த ஒரு தாய் மேடைக்கு வந்து உன் தலையைத் தடவினாள். "என்ரை மூத்தவளிட்டையும் விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை," என்றாள். அவளுடைய மகள் ஊரில் சண்டைக்குப் போய்த் திரும்பாதவள் என்பது பிறகுதான் தெரிந்தது.

உன்னிடம் நடனம் பழகிய மாணவிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நீ யாரையும் கோபிக்கவில்லை. இன்னொரு மேடை ஏறுமுன் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன ஞாயிறு அஜின்கோர்ட்டில் மகாலிங்கம் அண்ணையின் மகளுக்கு அரங்கேற்றம். தில்லானாவில் திடீரென்று உன் அடிகள்! அன்று உனக்கு வாசித்தவரின் மாணவர்தான் மிருதங்கம். எங்கே பழகினீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"இது இங்கை எல்லாரும் வாசிக்கிறதுதானே அக்கா. டொரன்ரோ அடி எண்டு சொல்லுறவை."

சபை கைதட்டியது. அண்ணையும் தட்டினார். பிறகு என்னிடம் வந்து, அடுத்த மாதம் கோயிலுக்காக இந்தத் தில்லானாவைத் திரும்ப மேடையேற்றுகிறோம், நட்டுவாங்கம் நீங்கள் செய்யவேண்டும் என்றார்.

"ஓம் அண்ணை. ஆனால் அந்த அடி என்ரை அக்கா போட்டது எண்டு மேடையிலை சொல்லவேணும்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "அது பழைய கதையெல்லே பிள்ளை. சனம் என்ன சொல்லும்? பாப்பம்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை அக்கா. பஸ்ஸுக்கு நின்றபோது ஒன்றுதான் ஓடியது: அந்த ரஷ்யக்காரர் நெடுங்காலம் உயிரோடிருந்து கைதட்டலையும் கேட்டுவிட்டுப் போனார். உனக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை?

நேற்று அரங்கேறிய அந்தப் பிள்ளையே போன் எடுத்தாள். "அன்ரி, மேடையிலை உங்கடை அக்காவின்ரை பேர் சொல்லக் கேட்டனீங்களாம், ஏனெண்டு அப்பா ஒண்டும் சொல்லுறாரில்லை. வாட் ஹப்பெண்ட்?" சொன்னேன். "கத்தினது அப்பாவோ?" என்றாள். ஓம் என்றேன். அழுதாளோ தெரியாது, வைத்துவிட்டாள்.

அவர்கள் சொன்னாலும் விட்டாலும், தில்லானாவுக்குத் தாளத்தைக் கையில் எடுக்குமுன் எழுந்து உன் பெயரை நான் சொல்வேன். கத்துகிறவர்கள் கத்தட்டும். சொல்லிவிட்டுத்தான் தட்டுவேன்.

உனக்குத் தாளம் போட்ட உடன்பிறப்பு,
சின்னவள்