இனிமேதான்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. இன்றைக்குக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறுகிறது. மலாயா ஆஸ்பத்திரியில் அடித்ததும் இதே வாடைதான்.

உள்ளே படுத்திருப்பது உங்கள் ஆத்தா. கர்ப்பப்பை இறங்கிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்து, நடக்கவே முடியாமல் போன பிறகுதான் சொன்னார். ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். படுக்கையில் சேர்த்துவிட்டு, மாற்றுச் சேலை எடுத்துவர நான் அறந்தாங்கிக்குப் போனேன். முந்தாநாள்தான் ஆபரேஷன் என்று குறித்திருந்தார்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வார்டுக்குள் நுழைந்து, பையைக் கீழே வைக்கிறேன். நர்ஸ் பெண் ஒருத்தி கட்டிலருகே வந்து, "என்ன ஆத்தா, சாப்டாச்சா?" என்று கேட்டாள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். தெருவில் எதிரே வருகிறவர்கூடக் கேட்டுவிட்டுப் போகிறார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வியே ஆகாது. ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன நடந்தது என்பதே உங்களுக்குத் தெரியாதே! தெரிந்துகொள்ள நீங்கள் இருக்கவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கேளுங்கள்.

கல்லடைப்பு வந்த புதிதில் நீங்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய் நாம் வைத்த சின்னப் பலசரக்குக் கடை. அதற்குப் பின்னால் ஒற்றை அறையில் நம் குடித்தனம். கடையில் அரிசி அளந்துகொண்டிருக்கும்போதே படியைப் போட்டுவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு சாக்கின்மேல் உட்கார்ந்துவிடுவீர்கள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பேன். வாழைத்தண்டைச் சாறு பிழிந்து கொடுப்பேன். "தேவல புள்ள, இப்பத் தேவல" என்பீர்கள். தேவலையாம் தேவலை! வேர்த்து ஊற்றி, முகம் வெளுத்துப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் தேவலை என்றால் எனக்கு ஆத்திரம் வராதா? கத்தினேன். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள்.

அங்கே டாக்டர் வெள்ளைக்காரர். அவருக்கும் நமக்கும் நடுவில் நின்று பேசியவர் அங்கே கட்டுப் போடுகிற டிரஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசியதும் தமிழ்தான், நமக்குத்தான் பாதி பிடிபடாது. "நோகுதோ?" என்று அவர் கேட்டதும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நோயாளியின் பெயரை அவர் என்னிடம் கேட்டார். புருஷன் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வலியிலும் உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அது சொல்லாதுங்க, என்னயக் கேளுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து எதுவானாலும் அவர் உங்களிடமே கேட்டார், நீங்களே பதில் சொன்னீர்கள். நான் ஒதுங்கி நின்றேன்.

உள்ளே பெரிய கல், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். ஊரில் இருந்தால் நாலு மனுஷர் மக்களாவது கூட இருப்பார்கள். அங்கே எனக்கு நீங்கள், உங்களுக்கு நான். ஆபரேஷன் நாள்வரை வலிக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உங்கள் முகத்தில் இறுகியிருந்ததெல்லாம் தளர்ந்தது. "எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன். "வலி இருக்கு புள்ள. ஆனா என்னயத் தொடாம அங்கிட்டு நிக்கிது" என்றீர்கள். அதைக் கேட்டு, அந்த ஊசியைக் கண்டுபிடித்தவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒருவர் வந்து வயிற்றையும் விலாவையும் மழித்துவிட்டார். அதோடு விட்டாரா? இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிற்றையும் கத்திரிக்கோலால் அறுக்கப் போனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடு இருக்கிற ஆம்பிளைக்கு அரைஞாண் அறுப்பார்களா? "அதத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். நீங்கள்தான், "விடு புள்ள, வந்து புதுசாக் கட்டிக்கிருவோம்" என்று அமர்த்தினீர்கள். அறுத்த கயிற்றை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு டிரஸ்ஸர் வந்தார். "நாளைக்கு விடிய ஒண்டும் சாப்பிடப்படாது, விளங்குதோ?" என்றார். "விளங்குதுங்க" என்றீர்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் காதருகே, "இதையும் ஒரு உத்தரவாச் சொல்றாரு பாரு. காலங்காத்தால பழையது கரைச்சுக் குடிக்க நான் என்ன வயலுக்கா போறேன்?" என்று கேலி செய்தீர்கள். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அப்போது நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் நான் வந்தபோது நீங்கள் எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் ஓர் இலை. இலையில் இடியாப்பம், மேலே தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும். சைக்கிளில் கூடை கட்டி விற்றுக்கொண்டு வருகிற நம் தமிழாளை வராந்தாக் கம்பி வழியாகவே கூப்பிட்டு வாங்கியிருக்கிறீர்கள். "ஊசியில வலி விட்டிருச்சு புள்ள, பசி வந்திருச்சு" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னீர்கள். எத்தனை நாளாக வாய் கசக்குது, வேண்டாம் என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்த மனுஷர்! நீங்கள் விரலை நக்கியதைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. மாரியாத்தா கண் திறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

இலையைச் சுருட்டி நான் வெளியே போட்டுவிட்டு வருகிறேன், டிரஸ்ஸர் தள்ளுவண்டியோடு வந்து நிற்கிறார்.

"என்ன, சாப்பிட்டாச்சோ?"

"இல்லைங்க, இனிமேதான்."

என் காதால் கேட்டேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நீங்கள் சாப்பிடவில்லைதானே? சோறு தின்றால்தானே நம் பக்கம் சாப்பாடு? இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாம் பலகாரம். வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருக்கிற நானே ராத்திரி தோசை தின்றுவிட்டு, "இன்னைக்குச் சாப்பிடல" என்றுதானே சொல்லுவேன்! அவர் தலையை ஆட்டினார். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தீர்கள்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. டிரஸ்ஸர் ஓட்டமாக வந்தார்.

"விடிய என்னத்தைச் சாப்பிட்டவர்?"

"ஒன்னும் சாப்பிடலைங்களே. இடியாப்பம்தான், பலகாரம்…"

"ஒண்டும் சாப்பிடேல்லை எண்டுதானே அவர் சொன்னவர்!" என்றார். "ஆமாங்க, சாப்பிடல" என்றேன். "ஐயோ தங்கச்சி! எங்கட ஊரில இராச்சாப்பாடே இடியப்பம்தானே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மயக்க மருந்து கொடுத்ததும் வயிற்றில் இருந்தது மேலே வந்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டதாம். என்னென்னவோ செய்து பார்த்தார்களாம். கத்தியே வைக்கவில்லையாம். அதை அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். கத்தி வைக்குமுன்னே முடிந்துவிட்டது.

என்னங்க, நான் அழவில்லை. அழுகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "பலகாரம்தானேங்க, பலகாரம்தானேங்க" என்று அவரிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேனாம். கத்தி பட்டுச் செத்தார், கல் அடைத்துச் செத்தார் என்றால் மனசு ஏற்றுக்கொள்ளும். ஒரு சொல்லுக்கா மனுஷன் சாவான்? பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படக்கூடாது என்று நம் ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இடியாப்பக்காரரைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டீர்களே! டிரஸ்ஸரைக் கோபிக்க முடியவில்லை. கப்பலேற்றிவிட வந்தபோது அவர் கண் சிவந்து கிடந்தது. "இனி நான் சாப்பிட்டாச்சோ எண்டு ஆரையும் கேக்க மாட்டன் தங்கச்சி. தேத்தண்ணியோ, தோசையோ, பழமோ எண்டு ஒவ்வொண்டாய்த்தான் கேப்பன்" என்றார். உங்களையும் கோபிக்க முடியவில்லை. என்னை நானே திட்டிக்கொள்ளவும் முடியவில்லை, அதுதான் நிஜம். யாரையுமே கோபிக்க முடியாத கோபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

இங்கே உங்கள் ஆத்தாவுக்கு அந்தச் சிரமமே இல்லை. கோபிக்க நான் இருந்தேன்.

"எம்புள்ள பொய் பேச மாட்டான். தின்னுட்டுத் திங்கலன்னு அவன் சொன்னான்னா யாருடி நம்புவா? டாக்டர் சொன்னதக் கேக்காம நீ ஊட்டிவிட்டுட்டு, இப்பச் செத்தவன் தலையில பழியப் போடுறியா?"

"அவரு பொய் சொல்லல அத்தை. அவரு நெசத்தத்தான் சொன்னாரு" என்றேன். நான் அப்படிச் சொன்னதும் அவருக்கு இன்னும் ஆங்காரம் வந்தது. தின்றதும் நிஜம், தின்னவில்லை என்று சொன்னதும் நிஜம் என்றால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது எப்படிப் புரியும்? அதோடு அந்தப் பேச்சு நின்றது. மற்றப் பேச்சும் அநேகமாக நின்றுவிட்டது. கீரனூரிலிருந்து என் அண்ணன் வா வா என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. போய்விட்டால் உங்கள் ஆத்தா சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். உங்களைப் பொய்யர் ஆக்காமல், நானும் பொய்க்காரி ஆகாமல், அவருக்கு எப்படியாவது புரிய வைத்துவிட வேண்டும் என்றே அந்த வீட்டில் கிடந்தேன். நான் ஆக்கியதைத் தின்பார். நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். நர்ஸ் கேட்டாள் என்றேன் அல்லவா? உங்கள் ஆத்தா என்ன சொன்னார் தெரியுமா?

"இல்லத்தா, இனிமேதான்."

அதே சொல், அதே இழுப்பு. உங்கள் குரலே உங்கள் ஆத்தா வாய் வழியாக வந்த மாதிரி இருந்தது. நர்ஸ் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். "ஏம்மா, நில்லு!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"அத்தை, காலையில வாயில என்ன போட்டீங்க?"

"ஒன்னுமில்ல. இப்ப எதுக்கு இப்படிக் கத்துற?"

"காப்பி குடிச்சீங்களா?"

"ஒரு மடக்குக் குடிச்சேன்."

"பெறகு?"

"பெறகென்ன பெறகு. மாத்திர முழுங்கணுமே, வெறும் வயிறா இருக்கேன்னு அந்தா அந்தக் கட்டில்காரி ரெண்டு இட்லி குடுத்தா."

"இட்லி சாப்டீங்களா?"

"அடி இவளே! இட்லி என்ன சாப்பாடா? அது பலகாரம்தான…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். நர்ஸ் டாக்டரிடம் ஓடினாள். ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

பொழுது சாயும்வரை அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"எம்புள்ளையும் இப்படித்தான் சொன்னானா?"

"இதே சொல்லுதான் அத்தை."

"அப்ப அவன் பொய் சொல்லல."

"சொல்லல."

"நீயும் சொல்லல."

மலாயாவில் வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் கையை நீட்டி என் தலையைத் தேடித் தொட்டார்.

இன்றைக்குக் காலையில் ஆபரேஷன். காப்பியா, பழமா, வெத்திலையா, மோரா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல" என்றார். நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கொண்டுபோனார்கள். யார் வேகமாக நடந்து வந்தாலும் டிரஸ்ஸர் ஓடி வருவதாகவே தெரிந்தது. ஆனால் நல்லபடியாக வெளியே கொண்டுவந்தார்கள். கண் திறந்ததும், "வலிக்குதா அத்தை?" என்றேன். "தேவல" என்றார். யார் பெற்ற பிள்ளை நீங்கள் என்பது தெரிந்தது.

பிறகு தொண்டை கரகரக்கக் கேட்டார்: "நீ சாப்டியா?"

இனிமேதான் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அந்தச் சொல் என் வாயில் வர நான் விடுவதில்லை. "காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல அத்தை" என்றேன்.

"போ, மொதல்ல போயிச் சாப்புடு. சோறாச் சாப்புடு. பலகாரத்தத் தின்னுட்டு வந்து நிக்காத."

போய் வந்துவிட்டேன். எதிர்த்தாற்போல் உள்ள சாப்பாட்டுக் கிளப்பில் இலை போட்டுக் குழம்பும் ரசமும் மோருமாகச் சாப்பிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பரிமாறியவர், "கொளம்பு காரமாங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

என்னங்க, நான் சாப்பிட்டாச்சு. நீங்கள்தான் இன்னும் இனிமேதான்.