புள்ளி வைத்த கட்டை

ஜூன் 4, செவ்வாய்

இன்று சோதனைக்கு ஏழு பிள்ளைகள். ஆறு பேர் வழக்கம்போல. ஏழாவது தச்சரின் மகள். வீடு வரைக்கும் என் மண்டையைக் குடைந்துகொண்டே வந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், அவளுடைய எட்டு வயதில், நானேதான் அவளுடைய அறிவுத்திறனைச் சோதித்தேன். எழுபத்தொன்று; சராசரி நூறு. தனி வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இன்று நூற்றுப் பதினெட்டு. அறிவு இப்படித் தாவி ஏறாது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சோதனை எளிது. புத்தகம் கூடாரம்போல நிற்கும், படம் பிள்ளையின் பக்கம். அதைப் பார்த்து ஒன்பது சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்க வேண்டும். சரியா தவறா என்று நான் சொல்லக் கூடாது. "சரி, அடுத்தது" என்று மட்டும் சொல்லலாம். இன்று நான் வாயைத் திறக்குமுன் அவளே சொல்கிறாள், "சரி, அடுத்தது." என் குரலிலேயே. நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி வேறு: "புள்ளி வச்ச கட்டை இல்லாமலே அடுக்கலாம்ல?"

எங்கள் பெட்டியில் புள்ளி வைத்த கட்டையே கிடையாது. வேறு எங்கோ, வேறொரு பெட்டியில் பழகியிருக்கிறாள்.

ஜூன் 5

கட்டைகள் வேறாக இருந்தாலும் படங்கள் எங்கள் புத்தகத்தில்தான். அது இருக்கும் அலமாரியின் சாவி என்னிடமும் பக்கத்து அறையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அக்காவிடமும்தான் இருக்கிறது. சுற்றி வளைத்துக் கேட்டேன். உடனே பிடித்துவிட்டார்.

"என்னையே சந்தேகப்படுறியா? அந்தப் பொண்ணு எழுபத்தொண்ணு வாங்கினப்ப உனக்குச் சந்தேகம் வரலையே. நல்லா செஞ்சாத்தான் வருமோ?"

குறைவாக வாங்குவதற்கு யாரும் ஏமாற்ற மாட்டார்களே. அது சரியான பதில்தானே? 

ஜூன் 7

தலைமை ஆசிரியை திங்கட்கிழமைவரை நேரம் கொடுத்திருக்கிறார். "நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அவளைப் பொது வகுப்புல சேர்க்க முடியும். இந்த வருஷம் விட்டா அப்புறம் கஷ்டம்."

போட மாட்டேன்.

ஜூன் 8, சனி

சொல்லாமல் கொள்ளாமல் தச்சர் வீட்டுக்குப் போனேன். வாசல் அறைதான் பட்டறை. மரத்தூளுக்கு நடுவே ஸ்டூலின் மேல் ஒன்பது கட்டைகள், சிவப்பும் வெள்ளையும். ஒன்றின் மூலையில் மட்டும் கரும்புள்ளி.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பதறவே இல்லை.

"இதுல மறைக்க என்ன இருக்கு மேடம்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்டருந்து வந்ததும் அவளே வரைஞ்சு காட்டி, இப்படி வேணும்பான்னா. செஞ்சு குடுத்தேன். என்னை உக்கார வச்சுச் சோதிப்பா. நான் இன்னும் மூணாம் பக்கமே தாண்டல."

மகள் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். எட்டு வயதுக் கோணல் கோடுகள். ஆனால் அன்று அவள் பார்த்த ஆறு படங்களும் அச்சு அசல். நான்கு, ஐந்து, ஆறில் மேல்மூலையில் ஒரு கரும்புள்ளி.

"உங்க படத்துல இருந்துச்சு. அந்தக் கட்டையத்தான் தேடிக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுன்னு கலைச்சுட்டீங்க."

"ஏன் கேக்கல?"

"பேசக் கூடாதுன்னு சொன்னீங்க."

கெட்டிக்காரத்தனமான பொய். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

வந்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பினேன். பதினோரு வருடமாக அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், படங்கள்தான் மனப்பாடமாயிற்றே.

புள்ளி இருக்கிறது. முத்திரை மை. மூன்று வருடங்களுக்கு முன் பையில் கொட்டியது. அட்டையைத் துடைத்ததோடு விட்டிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் விழுந்து ஆறுவரை ஊறியிருக்கிறது. மூன்று பக்கம் தொடர்ந்து தவறினால் சோதனையை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தினேன்.

பழைய அறிக்கை, என் கையெழுத்தில்: "கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கவனம் இல்லை. நினைவாற்றல் குறைவு."

நினைவாற்றல் குறைவாம். வெட்கமாக இருக்கிறது. எழுபத்தொன்று பொய். நூற்றுப் பதினெட்டையும் நம்ப முடியாது, பழகிய கட்டைகள். அப்படியானால் அவளுடைய அறிவு எவ்வளவு? தெரியாது. இந்த வேலைக்கு வந்தபிறகு இந்தச் சொல்லை முதல்முறையாக எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 14

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்புகளைப் பிரித்தார். மை கொட்டிய பிறகு, ஆறாம் பக்கத்தோடு நான் நிறுத்திய பிள்ளைகள்.

இருபத்தேழு.

ஜூலை 1, திங்கள்

தச்சரின் மகள் இன்றுமுதல் பொது வகுப்பில். இருபத்தேழில் முதல் பிள்ளையும் இன்றுதான் வந்தாள். புதுப் புத்தகம், மையில்லாத பக்கங்கள். அப்படியும் ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் ஓடியது.

நான் கடிகாரத்தை நிறுத்தினேன். "என்னம்மா தேடுற?"

 பேசலாமா என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.