உனக்கென்று அம்மா எடுத்த கயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவைப் போலவே மரம் ஏறிக் கிளை வெட்டும் வேலைக்கு நீ போன இடத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் நினைப்பு. நாங்களும் இங்கே சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தை நீ வேலைக்குப் போகாத நாளில், தரையில் உட்கார்ந்து படி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் குட்டைக் கயிற்றில், நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிச்சு வைத்ததை வாங்குவதா, இரும்புப் பிடி வைத்ததை வாங்குவதா என்று கேட்டிருந்தாய். பிடி வைத்ததுதான் உனக்குச் சரி என்கிறாள் அம்மா. அங்கே மரமெல்லாம் எப்போதும் நனைந்தே கிடக்கிறது என்கிறாயே, ஈரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டு உயிரை வாங்குமாம். பிடியின் மேலேயே எந்தப் பருமன் கயிறு போடலாம் என்று பொறித்திருக்கும், அதற்கு மெல்லியதைப் போட்டால் வழுக்கும், தடித்ததைப் போட்டால் சிக்கும். நீளம் இருந்தால் நல்லதுதானே என்று ஆசைப்படாதே, தொங்குகிற வால் கிளையிலும் மாட்டும் ரம்பத்திலும் மாட்டும். ரம்ப மெஷினை முடுக்குவதற்கு முன் உச்சியிலிருந்து தொங்கும் பெரிய கயிற்றிலும் இந்தக் கயிற்றிலும், இரண்டிலும் நீ மாட்டியிருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிள்ளைதான் நீ, இருந்தாலும் எழுதச் சொன்னாள்.

இனி அவள் எழுத வேண்டாம் என்று சொன்னது. போன மாதம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் காற்றுக்கு ஒடிந்து தொங்கிய பெரிய கிளையை இறக்கப் போனோம். பெரிய கயிற்றை உச்சிக் கவட்டில் போட்டு, ஒரு முனையை அவள் இடுப்புப் பட்டையில் மாட்டி, மறுமுனையை மரத்தடியில் கட்டி, அவசரமென்றால் நான் கீழிருந்தே இறக்குகிற மாதிரி வைத்திருந்தோம். அப்படி வைப்பது அவளுக்குப் பிடிக்காது, என்னைக் கிழவியாக்கிவிட்டீர்கள் என்று சிரித்துக்கொண்டேதான் ஏறினாள். பாதிக் கிளையை அறுத்த பிறகு ரம்பச் சத்தம் நின்றது. கொஞ்சம் தள்ளிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன், ஆனால் அசையவே இல்லை. அண்ணாந்து கூப்பிட்டேன். பிறகு ரொம்ப மெதுவாக, "என்னங்க, வெரல் வர மாட்டேங்குது" என்றாள். குட்டைக் கயிறு அவள் எடையில் இறுகிக் கிடக்கிறது, அதன் பிடியை அழுத்தித் தளர்த்த விரலில் வலு இல்லை, பெரிய கயிற்றை இழுத்து எழும்பவும் முடியவில்லை. நானும் வாட்ச்மேனும் கீழிருந்து கயிற்றை இழுத்து அவளை ஒரு சாண் தூக்கினோம், எடை மாறியதும் குட்டைக் கயிறு தொளதொளத்தது, கொக்கியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எப்படியோ திருகிக் கழற்றினாள். இத்தனை வருஷமாக அவள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் நான் இறக்கினேன். தரையில் கால் பட்டதும் என் முகத்தைப் பார்க்காமல், பிடி பழசு, வேற வாங்கணும் என்றாள்.

மறுநாளே உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். சரக்கை மாட்டிப் பார்ப்பதற்கென்று கடை நடுவில் ஒரு மரத்தூண் நட்டு வைத்திருக்கிறார்கள். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து எடையைக் கொடுத்து, ஒரு கையால் பிடியைத் தளர்த்திப் பார்த்தாள். முடிச்சு வைத்தது அசையவில்லை. கயிற்றைக் கவ்வுகிற பல் வைத்த பிடியும் அசையவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷர், ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வந்து கொடுத்தார். கடைசியில் ஒன்றை நீட்டி, இதைவிட இலகுவானது யாரும் செய்யவில்லை அக்கா என்றார். எனக்குக் காட்டுவதற்காக அவரே ஒரு விரலால் தொட்டார், கயிறு வெண்ணெய் மாதிரி ஓடியது. அம்மா தொட்டபோது ஓடவில்லை. மறு கையாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "கயித்துல ஒண்ணும் இல்லைங்க. கைதான் போயிடுச்சு" என்றாள். அதைக் கழற்றி நிதானமாகச் சுற்றி கடைக்காரரிடம் கொடுத்து, இது மகளுக்கு, கட்டிக் கொடுங்கள் என்றாள். அந்தப் பார்சல்தான் உனக்கு வருகிறது.

டாக்டர் சொன்னது இதுதான். ரம்பத்தின் அதிர்வு வருஷக்கணக்காக ஏறி விரல் நரம்பைக் கெடுத்துவிட்டதாம், இனி திரும்பாதாம். ஆரம்பத்தில் விரல் வெளுத்து மரத்துப் போனபோதே வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கை விஷயத்தை உனக்கு எழுதக் கூடாது என்றாள், மரத்தின் மேல் இருக்கும்போது உனக்கு அது ஞாபகம் வரக் கூடாதாம். நேற்று ஒரு வீட்டுக்காரம்மா வந்து மரம் வெட்டக் கூப்பிட்டார்கள். அம்மா போய் மரத்தைச் சுற்றிப் பார்த்து எந்தக் கிளையை எடுக்கணும், எதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, வேறொருவர் நம்பரைக் கொடுத்தாள். திரும்பி வரும்போது அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். சுமக்க ஒன்றுமே இல்லை. சட்டைப் பையில் கையை விடுவதும் எடுப்பதுமாக வந்தேன்.

உன் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், குளிரினாலோ என்னவோ காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துக் கிடக்கிறது, அதனால் இலகுவான பிடியாகச் சொல்லுங்கள் என்று. அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. குளிரென்று விட்டுவிடாதே கண்ணு. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்சல் வந்தாலும் பிரிக்காமல் வை, ரம்பத்தையும் தொடாதே, முதலில் ஒரு நல்ல டாக்டரிடம் கையைக் காட்டு.

அம்மாவிடம் பேசும்போது கயிற்றைப் பற்றி நிறையக் கேள், அவள் குரல் அப்போதுதான் பழையபடி வருகிறது. நீ நூறு வயசு இருக்கணும், கையும் காலும் உன் சொல் கேட்டு இருக்கணும். டாக்டர் சொல்வதை எனக்கு மட்டும் எழுது, கடிதத்தைப் பார்சலின் மேல் இருக்கும் கடைக்காரர் முகவரிக்கு அனுப்பு, நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா